ஒரே வீட்டில் தம்பிக்கு வென்டிலேட்டர், அக்காவுக்கு ஒன்றுமில்லை: மரபணுவின் பங்கு எவ்வளவு?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தடுப்பூசி வருவதற்கு முந்தைய மாதங்களில் உங்கள் வீட்டுக்குள் கொரோனா நுழைந்தது. அறுபத்தாறு வயது அப்பா நாலு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். முப்பத்தொரு வயது தம்பிக்குச் சர்க்கரை இல்லை, ஆஸ்துமா இல்லை, உடல் பருமனும் இல்லை. ஆனால் அவர் பன்னிரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்து மீண்டார். அவர் பக்கத்திலேயே இருந்த உங்களுக்கு ஒரு டெஸ்டில்கூட பாசிட்டிவ் வரவில்லை. அம்மாவின் அண்ணன் ஒருவர் இருபதுகளில் நிமோனியாவில் இறந்துபோனார் என்பதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். "வைரஸைத் தாங்கும் சக்தி ரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் "என் பையனுக்கு ஆறு வயது" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். பையனைப் பற்றி உருப்படியாகப் பேச வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினாறு ஆண்டுகளாக மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலேயே ஏதோ ஒரு தொற்றில் மோசமாக விழுந்தவர்களின் டிஎன்ஏவைப் படிப்பதுதான் பெரும்பாலான நாட்களில் என் வேலை. மருந்து எழுதித் தரும் மருத்துவர் அல்ல. உங்கள் தம்பியின் கோப்பையும் நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஒரு பதிவைப் படித்துவிட்டு அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். எது உறுதியாகத் தெரிந்த விஷயம், எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியும். அதைச் செய்கிறேன்.

தொற்றில் பிறப்பின் பங்கு உண்டா என்றால், உண்டு. இதில் சந்தேகமில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1988இல் வெளியானது. பெற்றவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையும் தொற்றில் இறக்கும் ஆபத்து கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருந்தது. வளர்த்தவர்கள் தொற்றில் இறந்திருந்தால் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. இறப்புகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஆறு மடங்கு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. வீடும் சாப்பாடும் வேறு, ரத்தம் மட்டும் ஒன்று, ஆபத்து ரத்தத்தோடு போயிருக்கிறது.

இன்னொரு சம்பவம் அயர்லாந்தில் நடந்தது. எனக்கு அது எப்போதும் மனதை உறுத்தும். ரீசஸ் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் போடும் ஆன்டி-டி ஊசி மருந்தில் 1977, 1978 காலத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் கலந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது தெரிய வந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்ததில் 704 பெண்களுக்குத் தொற்றின் தடயம் இருந்தது. அவர்களில் 390 பேரின் ரத்தத்தில் வைரஸ் இன்னமும் இருந்தது. மற்றவர்களின் உடம்பு எந்த மருந்தும் இல்லாமல் அதைத் துடைத்தெறிந்திருந்தது. எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் இளம் வயது, வைரஸ் ஒரே மூலத்திலிருந்து வந்தது, நுழைந்த வழியும் ஒன்று. இருந்தும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். பிறகு அவர்களுடைய மரபணுக்களை ஒப்பிட்டபோது, எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டத்தில் சில வகைகள் வைரஸை ஒழித்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. மருத்துவத்தின் பெரும் தவறு ஒன்று, அந்தப் பெண்கள் யாரும் கேட்காமலேயே, ஒரு கேள்விக்கு இவ்வளவு துல்லியமான பதிலைத் தந்துவிட்டது.

சரி, பங்கு உண்டு. அடுத்து, எதில் பங்கு? "எதிர்ப்பு சக்தி" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உள்ளே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வைரஸ் செல்லுக்குள் நுழைய முடிகிறதா? நுழைந்த முதல் சில மணி நேரத்தில் உடம்பு கூச்சல் போட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறதா? அப்புறம், வந்ததை முழுவதுமாக வெளியேற்ற முடிகிறதா? இந்த மூன்றையும் வெவ்வேறு மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றில் கெட்டிக்கார உடம்பு இன்னொன்றில் சோப்ளாங்கியாக இருக்கலாம். உங்களுக்குத் தொற்றே வராததும் தம்பிக்கு முற்றியதும் ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் நுழைவு. இதில்தான் மரபணுவின் ஆட்டம் மிகத் தெளிவாகத் தெரியும். எச்ஐவி பெரும்பாலும் வெள்ளை அணுக்களின் மேலுள்ள சிசிஆர்5 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவில் 32 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள் என்று 1996இல் தெரிந்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் விடுபட்ட பிரதியே வந்திருந்தால் அந்தப் புரதம் செல்லின் மேல் வரவே வராது, சாதாரண வகை எச்ஐவிக்குக் கதவே இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றில் ஒருவர் இப்படி. ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் அந்த மாற்றம் அநேகமாக இல்லை. பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட திமோத்தி ரே பிரவுனுக்கு 2007, 2008 ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தது. இந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் உள்ள ஒருவரைத் தேடி அவரிடமிருந்து செல்களை வாங்கினார்கள். பிரவுனின் உடம்பிலிருந்து எச்ஐவி போய்விட்டது. மரவிராக் என்ற மருந்து இதே கதவை அடைக்கத்தான் உருவாக்கப்பட்டது. ஒரு மரபணு, ஒரு வைரஸ், முழுப் பாதுகாப்பு என்று நெருங்கிச் சொல்லக்கூடிய மிகச் சில உதாரணங்களில் இது ஒன்று. ஆனாலும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு கதவைப் பயன்படுத்தும் எச்ஐவி வகைகளுக்கு இந்தப் பூட்டு பொருந்தாது.

கடும் வாந்தி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோவைரஸ் கதையும் இதே மாதிரிதான். குடலின் உட்சுவரில் உள்ள ஒரு வகைச் சர்க்கரையை அது பிடித்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையை அங்கே ஒட்டவைப்பது எஃப்யுடி2 என்ற மரபணு. உலகில் பல மக்களிடையே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வேலை செய்வதில்லை. அவர்களுக்கு நோரோவைரஸின் முக்கியமான சில வகைகள் அவ்வளவு எளிதில் வருவதில்லை, வேறு வகைகள் வரலாம். குழந்தைகளுக்கு வரும் பார்வோவைரஸ் பி19க்கும் ஒரு கதவு உண்டு. ரத்தச் சிவப்பணுவின் மேலுள்ள பி ஆன்டிஜென் என்ற பொருள் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அந்தத் தொற்று வருவதில்லை என்று 1994இல் காட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் மிக மிக அரிது.

கதவு இல்லாதது முழு லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். சிசிஆர்5 இல்லாதவர்களுக்குக் கொசு மூலம் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோயாக முற்றும் ஆபத்து கூடுதல். அந்தப் புரதம் வெள்ளை அணுக்களை மூளைக்கு வழிகாட்டி அனுப்பும் வேலையையும் செய்கிறது, அதனால் இப்படி. 2018இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருக்களில் இந்த மரபணுவை வெட்டிக் குழந்தைகளைப் பிறக்கவைத்தபோது எங்கள் துறையில் பலருக்கு வயிற்றைப் பிசைந்தது. விதிமீறல் ஒரு காரணம். பிறக்கப்போகும் குழந்தைக்கு எது நல்ல மரபணு என்று யாரோ ஒருவர் தீர்மானித்துவிட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம். எல்லா வைரஸுக்கும் நல்ல மரபணு என்று ஒன்றை இந்தப் பதினாறு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, எச்சரிக்கை மணி. உங்கள் தம்பி விஷயத்தில் என் கவனம் போவது இங்கேதான். வைரஸ் நுழைந்ததைச் செல்லுக்குள் இருக்கும் சில உணர்விகள் கண்டுபிடிக்கின்றன. கண்டுபிடித்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. அதைக் கேட்ட பக்கத்துச் செல்கள் வைரஸ் பெருக முடியாதபடி தங்களை மூடிக்கொள்கின்றன. குறிப்பிட்ட கிருமியைத் தேடிப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பது இந்த மணிதான். மணி அடிக்கத் தாமதமானால் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். பிறகு உடம்பு தாமதமாக விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் அடிக்கிற அடியில் நுரையீரலும் சேர்ந்து சேதமாகிறது.

இந்த மணியின் ஏதாவது ஒரு கம்பி பிறவியிலேயே அறுந்திருப்பவர்கள் உண்டு. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் உலகில் பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது, அதிகம் போனால் உதட்டில் கொப்புளம். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அது மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகிறது. அப்படிப்பட்ட சில குழந்தைகளிடம் டிஎல்ஆர்3 என்ற உணர்வி பழுதாகியிருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். வியப்பு என்னவென்றால், அந்தக் குழந்தைகள் மற்ற வைரஸ்களை எல்லாம் நம்மைப் போலவே சமாளித்தார்கள். ஒரே மரபணு, ஒரே வைரஸ், ஒரே உறுப்பு. பள்ளிப் பாடத்தில் படித்த "நோய் எதிர்ப்பு சக்தி குறைவு" என்ற படத்தை அன்றைக்கு மனதிலிருந்து கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அதற்கு முன்பெல்லாம் அடிக்கடி, பலவகைத் தொற்று வந்தால்தான் பிறவிக் குறை என்று சந்தேகிப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கிருமியிடம் மட்டும் தோற்கிறவருக்கும் பிறவிக் காரணம் இருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதே வரிசையில் 2015இல் ஒரு சிறுமியின் கதை வெளியானது. இரண்டரை வயதில் ஃப்ளூ வந்து உயிர் ஊசலாடிய குழந்தை. ஐஆர்எஃப்7 என்ற மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து இன்னொரு பழுது. ஒவ்வொரு பிரதி மட்டுமே பழுதான பெற்றோர் இருவரும் நலமாக இருந்தார்கள். அந்தக் குழந்தை அதன்பின் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு, வேறு பெரிய தொற்று எதுவும் இல்லாமல் வளர்ந்தாள். இதைப் பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். தடுப்பூசி ஆன்டிபாடியை முன்கூட்டியே தயார்செய்து வைத்துவிடுவதால், மணி அடிக்காத குறையைப் பெருமளவு ஈடுகட்ட முடிகிறது.

கொரோனா காலத்தில் இந்த ஆய்வு ஒரே பாய்ச்சலாக முன்னேறியது. நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரர்கள், எல்லோரும் இளைஞர்கள், எல்லோரும் வென்டிலேட்டரில். நால்வரிடமும் டிஎல்ஆர்7 என்ற உணர்வி வேலை செய்யவில்லை என்று 2020இல் தெரிந்தது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆண்களுக்கு இருப்பதே ஒன்று. அடுத்த ஆண்டு பெரிய அளவில் தேடிப் பார்த்ததில், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த அறுபது வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 1.8 சதவீதம் பேரிடம் இந்தக் குறை இருந்தது. எண் சிறியதுதான். ஆனால் வேறு எந்த விளக்கமும் இல்லாத இளம் ஆண் நோயாளி என்று சுருக்கிப் பார்க்கும்போது இது முதலில் சோதிக்க வேண்டிய மரபணுக்களில் ஒன்றாகிவிடுகிறது.

மரபணு போலவே தோற்றம் தரும் இன்னொரு காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலருடைய உடம்பு தன் சொந்த இன்டர்ஃபெரானுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்து வைத்திருக்கிறது. கம்பி சரி, மணியும் சரி, ஓசையை யாரோ துணி போட்டு அமுக்குகிறார்கள். 2020இல் பரிசோதித்த 987 கடுமையான நோயாளிகளில் 101 பேரிடம் இது இருந்தது, அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். எழுபது வயதுக்குப் பிறகு இந்த ஆன்டிபாடிகள் வேகமாகக் கூடுகின்றன. சில அரிய பரம்பரை நோய்களில் சின்ன வயதிலேயே வரும், மற்றபடி பெரும்பாலும் பரம்பரைச் சொத்து என்று சொல்ல முடியாது. சாதாரண ரத்த மாதிரியிலேயே கண்டுபிடிக்கலாம் என்பதால் டிஎன்ஏவுக்குப் போவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வெளியேற்றுவது. இங்கே ராஜா எச்எல்ஏதான். செல்லுக்குள் இருக்கும் வைரஸின் துண்டுகளை எடுத்து வெளியே காட்டும் தட்டு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், எந்தத் துண்டு அதில் உட்காரும் என்பதும் மாறும். மருந்து இல்லாமலேயே எச்ஐவியை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலரிடம் எச்எல்ஏ-பி57, பி27 போன்ற வகைகள் அதிகம். வைரஸால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத முக்கியமான துண்டுகளை அவை பிடித்துக் காட்டுகின்றன. அதே பி57இன் ஓர் உட்பிரிவு உள்ளவர்களுக்கு அபகாவிர் என்ற எச்ஐவி மருந்து கொடுத்தால் ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் அந்த மருந்தைத் தொடங்குமுன் எச்எல்ஏ பரிசோதனை கட்டாயம். அந்தப் பரிசோதனைகளை நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஒரு கையில் வரம், மறு கையில் ஆபத்து, இரண்டும் ஒரே தட்டில்.

ஹெபடைடிஸ் சி விஷயத்தில் 2009இல் ஐஎஃப்என்எல்3 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது சிகிச்சையாகக் கொடுத்த இன்டர்ஃபெரான் ஊசி யாருக்குப் பலிக்கும், யாருக்கு வைரஸ் தானாகவே போகும் என்பதை அது நன்றாகவே கணித்தது. மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன் அதைக் கேட்டு வாங்குவது வழக்கமாயிற்று. சில ஆண்டுகளிலேயே வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தன. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள், அந்த எழுத்து எதுவாக இருந்தாலும் சரி. மரபணுவின் செல்வாக்கு என்பது கல்வெட்டு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஒற்றை மரபணு, பெரிய விளைவு. இனி பலரிடமும் இருக்கும், சின்ன விளைவு கொண்ட மாற்றங்கள். கொரோனாவில் மிக உறுதியாக நிரூபணமானது மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு நீண்ட துண்டு. அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களோடு கலந்ததால் நமக்கு வந்தது என்று ஹியூகோ ஸெபெர்க், ஸ்வாந்தே பாபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2020இல் காட்டினார்கள். தெற்கு ஆசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரு பிரதியாவது இருக்கிறது. ஐரோப்பாவில் ஆறில் ஒருவரிடம் இருக்கிறது, கிழக்கு ஆசியாவில் அநேகமாக இல்லை. ஒரு பிரதி இருந்தால் நோய் கடுமையாகும் ஆபத்து சுமார் 1.6 மடங்கு. அதே துண்டு உள்ளவர்களுக்கு எச்ஐவி தொற்றும் ஆபத்து 27 சதவீதம் குறைவு என்று ஸெபெர்க் பிறகு கண்டார். பன்னிரண்டாவது குரோமோசோமில் இன்னொரு நியாண்டர்தால் துண்டு இருக்கிறது. அது கொரோனாவில் ஓரளவு காப்பாற்றுகிறது.

இந்தச் செய்தி வெளியானபோது தெற்கு ஆசியர்களின் சாவுக்கு இதுதான் காரணம் என்று தலைப்புகள் பறந்தன. நான் அதை ஏற்கவில்லை. பாதிப் பேரிடம் இருக்கும் ஒரு மாற்றம் பாதிப் பேரை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. இருபது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் ஒப்பிட்டால், தடுப்பூசி இல்லாத காலத்தில் கொரோனாவில் இறக்கும் ஆபத்தின் வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். அதன் எதிரில் 1.6 மடங்கு எங்கே நிற்கும்? லட்சக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது நுரையீரலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த எண் உதவும். தனி ஒருவரின் தலைவிதியைச் சொல்ல உதவாது. உங்கள் தம்பியிடம் அந்தத் துண்டு இருந்தாலும், அது மட்டுமே அவரை வென்டிலேட்டருக்குக் கொண்டுபோயிருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்ல வேண்டும். ஐஎஃப்ஐடிஎம்3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் கடும் ஃப்ளூவுக்குக் காரணம் என்று 2012இல் வந்த செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் புரதம் வைரஸைத் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் உறுதி. ஆனால் மனிதர்களிடம் அந்தக் குறிப்பிட்ட மாற்றத்தின் விளைவு சில ஆய்வுகளில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. ரத்த வகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓ வகைக்காரர்களுக்குக் கொரோனா தொற்றும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்பது பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. விளைவு மிகச் சிறியது, அதை நம்பி யாரும் மாஸ்க்கைக் கழற்ற முடியாது. சிசிஆர்5 மாற்றம் ஐரோப்பாவில் பரவியதற்குப் பிளேக் காரணம், பெரியம்மை காரணம் என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், நிரூபணம் கிடையாது. நூறு இருநூறு பேரை வைத்து ஒரே ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்துச் செய்த பழைய ஆய்வுகளில் பெரும்பகுதி பின்னால் நிற்கவில்லை. புதிதாக ஏதாவது படித்தால், வேறு மக்களிடமும் இது உறுதியானதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி. சிசிஆர்5 மாதிரி கொரோனாவை முழுவதும் அடைக்கும் ஒரு பூட்டு இருக்கும் என்று பலர் தேடினார்கள். கணவன் படுக்கையில், மனைவிக்கு ஒன்றுமில்லை என்ற மாதிரி வீடுகளையே குறிவைத்துத் தேடினார்கள். அவ்வளவு கச்சிதமான பூட்டு சிக்கவில்லை. வைரஸ் பிடிக்கும் ஏசிஇ2 புரதத்தைக் குறைக்கும் ஓர் அரிய மாற்றம் தொற்றும் ஆபத்தைச் சுமார் 40 சதவீதம் குறைக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் 2021இல் பிரிட்டனில் இளம் தன்னார்வலர்களின் மூக்கில் அளந்த சொட்டாக வைரஸையே விட்டுப் பார்த்தார்கள். முன்பு தொற்று வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள். கணக்கில் வந்த 34 பேரில் 18 பேருக்குத்தான் தொற்று பிடித்தது. மூக்கில் ஊற்றியே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்றால், வீட்டில் ஒருவர் தப்புவதற்கு அரிய மரபணு தேவையே இல்லை. முன்பு வந்த வேறு கொரோனா வகைச் சளியின் நினைவு, நீங்கள் பக்கத்தில் இருந்த நாட்களில் தம்பியிடமிருந்து வைரஸ் வெளியேறிய அளவு, டெஸ்ட் எடுத்த நாள் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். லேசாக வந்து தெரியாமலே போயிருக்கவும் கூடும். உங்களிடம் விசேஷமாக ஏதோ இருக்கிறது என்ற நினைப்பில் அடுத்த தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பையனுக்கு வருவோம். உங்கள் தம்பியின் வயது, முன்நோய் எதுவும் இல்லாதது, அம்மா வழியில் இளம் வயதில் நிமோனியாவில் போன தாய்மாமா, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் குறையைச் சோதிப்பது நியாயமான யோசனை. சோதிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து நிமோனியா பாக்டீரியாவாலும் வந்திருக்கலாம். தம்பிக்கு டிஎல்ஆர்7 குறை இருப்பதாகவே வைத்துக்கொண்டால், அது அநேகமாக அம்மாவிடமிருந்து வந்திருக்கும். உங்களுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு பாதி, உங்களிடமிருந்து பையனுக்குப் போயிருக்கும் வாய்ப்பு அதில் பாதி, ஆக நாலில் ஒன்று. வந்திருந்தாலும் எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை, வெளியான குடும்பங்களிலேயே குறை இருந்தும் லேசாகத் தப்பியவர்கள் இருக்கிறார்கள். பையன் பிறந்ததிலிருந்து போட்ட தட்டம்மை போன்ற உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் தொல்லையில்லாமல் போயிருந்தால் அதுவும் ஒரு நல்ல அறிகுறி. இன்டர்ஃபெரானைக் கேட்கும் காதாகிய ஐஎஃப்என்ஏஆர்1, ஐஎஃப்என்ஏஆர்2 மரபணுக்கள் முழுவதும் பழுதான குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசிகளே ஆபத்தாகிவிடுவது உண்டு. அந்த வகைக் குறை உங்கள் பையனுக்கு இருக்க வாய்ப்பு குறைவு என்று அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். டிஎல்ஆர்7 பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதனால் பையனுக்கு முதலில் ரத்தம் எடுக்காதீர்கள். தம்பியிலிருந்து தொடங்குங்கள். எச்சில் அனுப்பினால் வம்சாவளி சொல்லும் பரிசோதனைகள் பொதுவான மாற்றங்களைத்தான் பார்க்கும், இந்த அரிய பழுதுகள் அதில் சிக்காது. பிறவி நோய் எதிர்ப்புக் குறைகளைப் பார்க்கும் இம்யூனாலஜி மருத்துவரிடம் தம்பி போக வேண்டும். முதலில் இன்டர்ஃபெரானுக்கு எதிரான ஆன்டிபாடி, பிறகு இன்டர்ஃபெரான் வழி மரபணுக்களின் முழு வாசிப்பு என்று கேட்கலாம். முடிவில் "அர்த்தம் தெரியாத மாற்றம்" என்று ஒரு வரி வரலாம், அடிக்கடி வரும். அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். செல்லில் வைத்து அந்த மாற்றம் உண்மையிலேயே வேலையைக் கெடுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பொருள். தம்பியிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பையனுக்குச் சோதனை தேவையே இல்லை. கிடைத்தால் அம்மா, அடுத்து நீங்கள், உங்களிடம் இருந்தால் மட்டும் பையன். அதுவரை அவனுக்கு ஃப்ளூ, கொரோனா உட்பட அவன் வயதுக்குரிய தடுப்பூசிகளை ஒன்றுவிடாமல் போட்டுவிடுங்கள், முடிவு எப்படி வந்தாலும் அது வீணாகாது. மருத்துவரிடம் போகும்போது தம்பியின் டிஸ்சார்ஜ் சுருக்கம், தாய்மாமாவைப் பற்றி அம்மாவுக்கு நினைவிருப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை வயதில் இறந்தார், எத்தனை நாள் படுத்தார், அவருக்கு முன்னால் அம்மை மாதிரி எதிலாவது மோசமாக விழுந்தாரா என்பதை அம்மாவிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.